அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கணுமாம், காப்பீட்டு அட்டை இல்லை. இனிமேல் எடுத்தால் செல்லுமா?

திண்டிவனத்தான்:
அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். போன வாரம் நெஞ்சுவலி வந்து பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஞ்சியோ பார்த்துவிட்டு, இதய ரத்தக் குழாயில் ஒரு அடைப்பு இருக்கிறது, அதைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைக்க ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நாங்கள் எடுக்கவே இல்லை. இப்போது எடுத்தாலும் இந்தத் தடவை செல்லாது, முன்பணம் கட்டுங்கள் என்கிறார் கவுண்டரில் இருப்பவர். அம்மா தோட்டைக் கழற்றி அடகு வைக்கச் சொல்கிறார்.

பழைய வார்டு ஆள்:
தோட்டில் கை வைக்காதீங்க தம்பி. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் செல்லும், காத்திருப்புக் காலமெல்லாம் கிடையாது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆனால் ஒன்று, ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரி ஆஞ்சியோ ரிப்போர்ட்டை அனுப்பி ஒப்புதல் வாங்கியாக வேண்டும், நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் பத்து பைசா வராது. அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தாலும் இதய சிகிச்சைக்கு இருக்கிறதா என்று 1800 425 3993-ல் கேளுங்கள். சில இடங்களில் எலும்புக்கு மட்டும்தான் இருக்கும். மறுபடி வலி வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெட்ராஸ் மாமா:
முதலில் தனியாருக்கு ஏன் போகணும்? சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் ஸ்டென்ட் வைக்கிறார்களே. கூட்டம் இருக்கும், ஓடி அலைய ஒரு ஆள் கூடவே வேண்டும், அது உண்மைதான். அதுக்காகக் கடன் வாங்குவதா?

திண்டிவனத்தான்:
நன்றி அண்ணா. ஒரு சிக்கல். தம்பி ஒரகடத்தில் கம்பெனி வேலை, மாதம் 14,000. ரேஷன் கார்டில் அவன் பெயரும் இருக்கிறது. அதைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும்.

கீழத்தெரு:
இதுதான் எனக்கு எரிச்சல். மாசம் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு குடும்பம் சம்பாதித்தால் ஏழை இல்லையாம், அந்தப் பணத்தில் வாடகை கொடுத்துவிட்டு யார் ஸ்டென்ட் வைக்கிறது?

பழைய வார்டு ஆள்:
உங்கள் தம்பிக்குச் சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுச் சந்தா, பிடிக்கிறார்களா பாருங்கள். 21,000-க்குள் சம்பளம் என்றால் பெரும்பாலும் பிடிப்பார்கள். பிடித்தால் அவனை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு, அவர்களுடைய சொந்த வருமானம் மாதம் 9,000-க்குள் இருக்க வேண்டும். எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறான் என்றும் பார்ப்பார்கள். நிறைய பையன்கள் பெற்றோர் பெயரைச் சேர்ப்பதே இல்லை, கம்பெனி ஹெச்ஆரிடம் இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள்.

திண்டிவனத்தான்:
பிடிக்கிறார்களாம், சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அப்பா பெயர் சேர்க்கவில்லை. மண்டிக் கூலி மாதா மாதம் ஒரே மாதிரி வராதே, 9,000-க்குக் கணக்கு எப்படிக் காட்டுவது?