ஹிமா: 'மேய்ச்சல் காப்பகம்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அரபு நாடுகளில் ஊரார் கட்டுப்பாடு வைத்துக் காக்கும் நிலமான ஹிமாவுக்கு 'மேய்ச்சல் காப்பகம்' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறோம். காப்பகம் என்றதும் புலிகள் காப்பகம்தான் கண்முன் வரும். உள்ளே ஆடு நுழைந்தால் அபராதம். ஹிமாவோ ஆட்டுக்காகவே அடைத்துவைக்கும் பொதுநிலம். அடைப்பும் உண்டு, திறப்பும் உண்டு.

சிரியாவில் பாதியா (Badia) எனப்படும் வறண்ட புல்வெளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்குக் கீழே, அதுவும் குளிர்காலத்தில். பெதூயின் எனப்படும் நாடோடி மேய்ப்பர்கள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அவாசி இனச் செம்மறிகளை அங்கே மேய்த்துவிட்டு, கோடையில் மேற்கே அறுவடை முடிந்த வயல்களுக்கு ஓட்டிப்போவார்கள். கோடையில் தண்ணீர் கிடைக்காததே பாதியாவுக்கு ஓர் அடைப்பாக இருந்தது. டேங்கர் லாரி வந்து அதை உடைத்தது. 200 ஆட்டுக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 லிட்டர் போதும். பார்லித் தீவனமும் லாரியிலேயே வந்துவிடும். மந்தை எதற்கு இடம்பெயர வேண்டும்?

முதலில் அடிபடுவது ரோத்தா என்கிற குறும்புதர் (சால்சோலா வெர்மிகுலாட்டா). விதை முற்றுவது இலையுதிர்காலக் கடைசியில். முளைப்புத்திறன் ஓராண்டுகூடத் தாங்காது. முற்றுவதற்குள் ஆடு கதிரைக் கொறித்துவிட்டால், அடுத்த மழைக்கு முளைக்க மண்ணில் விதையிருப்பு கிடையாது. போவா புல்லுக்கு அடியில் குமிழ் இருப்பதால் அது தப்பிவிடும். ஆடு தொடாத ஹர்மல் என்ற செடி பெருகும். தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் பச்சையாகத்தான் தெரியும், இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

ஆகவே விதை உதிரும்வரை அடைப்பு. புதிதாக விதைத்த இடத்தில் குறைந்தது இரண்டு வசந்தம். திறந்த பிறகும் அந்த ஆண்டுத் தளிரில் பாதி தின்றதும் மந்தையை வெளியேற்றிவிட வேண்டும். அதற்காகப் பல ஆண்டு திறக்காமலே வைத்திருந்தால் உப்புப்புதர் (அட்ரிப்ளெக்ஸ் என்ற தீவனப் புதர்) கட்டையேறிப் போகும். காப்பகம் என்ற சொல்லில் இந்தத் திறப்புக்கு இடமே இல்லை.

'கொறங்காடு' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு கிளுவை வேலி போட்ட பட்டா நிலம், ஒரு குடும்பத்துக்குரியது. ஹிமா ஊருக்கு அல்லது குலத்துக்குப் பொது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' இருக்கிறதே, அந்த மேய்க்காலில் பொதுமை ஏற்கெனவே உண்டு. என் முன்மொழிவு: காப்பு மேய்க்கால்.

*

ஐயா,

மேய்க்கால் நல்ல சொல். ஆனால் எல்லா ஹிமாவிலும் மேய்ச்சல் நடப்பதில்லை. அரேபியத் தீபகற்பத்தில் ஐந்து வகை சொல்வார்கள்: மேய்ச்சலே கூடாது, வறட்சியில் மட்டும் புல் அறுத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று; குறித்த பருவத்தில் மட்டும் மேய்ச்சலோ அறுப்போ என்பது ஒன்று; ஆண்டு முழுக்க மேய்க்கலாம், ஆனால் கால்நடையின் வகைக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு என்பது ஒன்று; பூக்கும் காலத்தில் தேனீக்காக அடைப்பது ஒன்று; மரங்களுக்கானது ஒன்று. தேனீ ஹிமாவை மேய்க்கால் என்று எப்படிச் சொல்வது?

தலைச்சொல்லாக 'காப்பு' மட்டும் இருக்கட்டும். அறுப்புக் காப்பு, பருவக் காப்பு, தொகைக் காப்பு, தேன் காப்பு, மரக் காப்பு என்று கீழே பிரியட்டும். உங்கள் 'காப்பு மேய்க்கால்' பருவக் காப்புக்கும் தொகைக் காப்புக்கும் அப்படியே பொருந்தும்.

வினைச்சொல்லும் கையிலேயே இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் முழுக்கக் கட்டுப்பாடு, அவிழ்த்தால் தீர்ந்தது. நிலத்துக்கும் காப்புக் கட்டுதல், காப்பு அவிழ்த்தல் என்றே எழுதலாம். விளக்கக் குறிப்பில் மட்டும் 'கட்டுபவர் யார்' என்பதைச் சேர்த்துவிடுங்கள். சிரியா 1958-இல் குலங்களின் மேய்ச்சல் உரிமையை நீக்கி நிலத்தை அரசுடையதாக்கியது. யார் வேண்டுமானாலும் மேய்க்கலாம் என்றானதும் அடைத்துவைக்க யாருக்கும் காரணமில்லாமல் போனது.

'உப்புப்புதர்' எனக்கு உறுத்துகிறது. 'உவர்ப்புதர்' என்றால் என்ன?