ஒரு கோப்பும் வராத நாளில் நட்சத்திரக் குறி என்ன செய்யும்?

தண்ணீர்மலையான், பினாங்கு:
எங்கள் அச்சகத்தில் இரவு ஒரு பாஷ் நிரல் ஓடும் (பாஷ் என்பது கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களில் ஒன்று). அன்று வந்தவற்றை ஃபார் சுழலில் *.பிடிஎஃப் (பெயர் .பிடிஎஃப் என முடியும் எல்லாம்) என்று ஒவ்வொன்றாக எடுத்து, சுருக்கி, ‘முடிந்தவை’ கோப்புறையில் அதே பெயரில் எழுதும். தைப்பூசத்தன்று ஒன்றும் வரவில்லை. பொருந்தும் கோப்பு இல்லையென்றால் பாஷ் அந்த எழுத்துகளை அப்படியே விட்டுவிடுகிறது. சுருக்கும் கட்டளை தோற்றது; ஆனால் வெளியீட்டைத் திருப்பும் குறி அதற்கு முன்பே *.பிடிஎஃப் என்ற பெயரில் வெற்றுக் கோப்பை உண்டாக்கியிருந்தது. காலையில் அதை அழிக்க ஆர்எம் *.பிடிஎஃப் என்று மேற்கோள் இல்லாமல் அடித்தேன். ஒரு மாத வேலை போயிற்று. இனி எல்லா நிரலிலும் முதல் வரி, பொருத்தம் இல்லாவிட்டால் அந்த எழுத்துகளை ஒன்றுமில்லாமல் ஆக்கும் நல்குளாப் அமைப்புதான்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்:
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள், அண்ணா. நல்குளாப் இருக்கும்போது பொருத்தம் இல்லாத எல்எஸ் *.பிடிஎஃப் என்பது வெறும் எல்எஸ் ஆகிவிடும். கோப்புறை முழுவதையும் பட்டியலிடும். கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் *.லாக் என்றால் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கும். சுழலின் முதல் வரியில் கோப்பு உண்மையில் இருக்கிறதா என்று -ஈ சோதனை வையுங்கள். அது டாஷ் என்ற இன்னொரு ஷெல்லிலும் ஓடும். உபுண்டுவில் 2006 முதல் எஸ்ஹெச் என்று ஷெல்லை அழைத்தால் வருவது டாஷ்தான். அதற்கு நல்குளாப் தெரியாது.

தண்ணீர்மலையான்:
எல்எஸ் வைத்துப் பட்டியல் எடுக்கச் சொன்னது யார், தம்பி? நல்குளாப் இருக்கையில் பெயர்களை அணியில் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் மாறியில்) வாங்கி எண்ணினால் 0 என்று நேராகச் சொல்லும். ஒவ்வொரு சுழலிலும் சோதனை எழுத வேண்டுமென்றால் ஒரு நாள் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

பிறை அக்கா:
இருவரும் பாஷுக்கு முன்னோடியான போர்ன் ஷெல்லின் பழக்கத்தை இயற்கை விதி என்று நினைக்கிறீர்கள். 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் நட்சத்திரக் குறியைப் பெயர்களாக விரிக்கும் குளாப் ஒரு தனி நிரல். எதுவும் பொருந்தாவிட்டால் ‘பொருத்தம் இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கட்டளையையே ஓட்டாது. எழுத்துகளை அப்படியே விடுவது 1979இல் ஏழாம் பதிப்போடு போர்ன் ஷெல் கொண்டுவந்தது. ஜீஷெல் என்ற இன்னொரு ஷெல் இன்றும் பழையபடி நிறுத்துகிறது. பாஷில் அப்படிப் பிழை என்று நிறுத்த ஃபெயில்குளாப் என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போடுங்கள். தண்ணீர்மலையான் அழித்த கோப்புகளுக்கு மட்டும் எந்த அமைப்பும் பொறுப்பில்லை. மேற்கோள் போட்டிருக்க வேண்டும்.

செந்தூல்காரன்:
விடுமுறைக்குக் கோப்பு வராதது பிழையா, அக்கா?

தண்ணீர்மலையான்:
அதுதான் என் கேள்வியும். சரி, அணியை நிரப்பும் வரிக்கு முன் நல்குளாப்பை இயக்கி, அடுத்த வரியில் அணைத்துவிடுகிறேன். -ஈ சோதனை மட்டும் வேண்டாம்.

செந்தூல்காரன்:
சோதனையை மறப்பவர் அணைப்பதை மறக்கமாட்டாரா, அண்ணா?