பாமினி கோப்புகளை மாற்ற ஓடிஎஃப் கைகொடுத்த கதை

திருவல்லிக்கேணியில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கட்டுரைகளை பென் டிரைவில் கொண்டுவந்து, "புத்தகமாப் போடணும் தம்பி, அடிக்குறிப்பு ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது" என்றார். எல்லாமே பழைய வேர்டு கோப்புகள், ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துரு.

பாமினியில் அடித்தவர்களுக்குத் தெரியும். திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்தான். புத்தகத்துக்கு இதை யூனிகோடாக, அதாவது உண்மையான தமிழ் எழுத்துக் குறியீடாக மாற்ற வேண்டும். மொத்தமாக நகலெடுத்து மாற்றியில் போட்டால், நடுவில் வரும் ஆங்கில நூற்பெயர்களும் தமிழெழுத்தாக மாறி அர்த்தமில்லாமல் போய்விடும். அடிக்குறிப்புகளும் இடம் தெரியாமல் சிதறும்.

அதனால் லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து ஓடிஎஃப் (ஓப்பன் டாக்குமென்ட் ஃபார்மேட்) வடிவில் சேமித்தேன். 2005இல் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு ஏற்று, 2006இல் ஐஎஸ்ஓ தரமும் ஆன திறந்த வடிவம் இது. பார்க்க ஒரே கோப்பு, உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஜிப் பொதி. பிரித்தால் கன்டென்ட்.எக்ஸ்எம்எல் என்று ஒரு கோப்பு இருக்கும்; கட்டுரையின் உரை அதில்தான். நோட்பேடிலேயே படிக்கலாம். வேறு எழுத்துருவில் உள்ள ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஒரு டேக் (குறிச்சொல்), அது காட்டும் ஸ்டைலில் எழுத்துருவின் பெயர். பாமினி என்றால் மாற்று, டைம்ஸ் நியூ ரோமன் என்றால் தொடாதே என்று சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். அடிக்குறிப்பும் அதே கோப்பில், தன் சொல்லை ஒட்டியே தனி டேக்குக்குள் இருந்தது. ஒன்றும் தொலையவில்லை. இதற்காகவே இந்த வடிவத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

இடறியது கொம்பில். பாமினியில் கொம்பு முதலில், மெய் அப்புறம், யூனிகோடில் நேர்மாறு. ஐயா எங்கோ போல்டு போட்டு எடுத்ததில், கொம்பு ஒரு துண்டிலும் 'க' அடுத்த துண்டிலுமாகப் பிரிந்து கிடந்தன. அடுத்தடுத்த பாமினித் துண்டுகளை ஒட்டிவிட்டு மாற்றியதும் சரியாகிவிட்டது.

வேர்டின் இப்போதைய டாக்எக்ஸ் வடிவமும் ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல்தான், அதிலும் இதைச் செய்யலாம். வேர்டின் பழைய டாக் வடிவம் எழுத்தாக இல்லாத பைனரி என்பதால் இப்படிப் பிரித்துப் படிக்க முடியாது.

செய்து பார்ப்பவர்கள் நகலில் மட்டும் கை வையுங்கள். ஓடிஎஃப்பைத் திரும்ப ஜிப் ஆக்கும்போது கோப்பின் வகையைச் சொல்லும் மைம்டைப் என்ற குட்டிக் கோப்பு முதலில் வர வேண்டும், அதைச் சுருக்கக் கூடாது.