சாண்டோரினியில் டெண்டர் படகில் சீக்கிரம் கரை இறங்க வழி உண்டா?

நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கப்பல் சுற்றுலா போய்வந்த அண்ணன்மார், ஆச்சிமார் இருந்தால் சொல்லுங்கள். ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறோம். சாண்டோரினியில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது, கடலில் நிறுத்திவிட்டு டெண்டர் என்கிற சின்னப் படகில்தான் இறக்குவார்கள், அதிலும் கப்பலிலேயே ஊர்சுற்ற டிக்கெட் வாங்கியவர்களுக்குத்தான் முதல் இடம், மற்றவர்கள் டோக்கன் எடுத்துக் காத்திருக்க வேண்டும். இறங்கினாலும் ஃபிரா ஊர் மேலே உச்சியில் இருக்கிறது. கேபிள் கார், இல்லையென்றால் 500-க்கு மேல் படிகள், அதுவும் முடியாதென்றால் கழுதை! ஆத்தாவுக்கோ முழங்கால் வலி, வெயில் ஏறி கேபிள் கார் வரிசை நீள்வதற்குள் போய்விட வேண்டும். டோக்கன் காலையில் எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள்? ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கலாமா? கப்பலில் விற்கும் அந்த ஊர்சுற்றும் டிக்கெட் விலை கொஞ்சம் ஓவர்தான், வேறு வழியே இல்லையென்றால் சரி, கட்டிவிடுகிறோம்.