இரண்டாம் வகுப்புப் பையன் வாசிக்கத் திணறுகிறான்: வீட்டில் தமிழா, ஆங்கிலமா?

செம்பூர்_அம்மா:
வணக்கம். பையன் மும்பை செம்பூரில் ஆங்கில மீடியத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர், வாசிப்பில் பின்தங்கியிருக்கிறான், கணக்கும் சுமார்தான், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், ட்யூஷனில் சேருங்கள் என்றார். உட்கார வைத்துப் பார்த்தேன். பாடத்தை முதல் வரியிலிருந்து கடகடவென்று சொல்கிறான், ஆனால் விரல் ஒரு சொல்லில் இருக்கிறது, வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறான். 52-இல் 17 போனால் 45 என்று எழுதுகிறான். மாமியார் தமிழ் அரிச்சுவடி வாங்கி வைத்திருக்கிறார், வீட்டுக்காரர் ட்யூஷன் என்கிறார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட்வாசி:
சகோதரி, டீச்சர் சொன்னதைச் செய்யுங்கள். நான் பத்தாவது வரை முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியம். பதினொன்றில் காமர்ஸ் சேர்ந்தபோது வகுப்பில் பேசுவது ஒரு வரிகூடப் புரியவில்லை. என்னோடு வந்தவர்களில் பல பேர் அந்த வருஷத்திலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். 2020-இல் சட்டம் போட்டு எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம், அதற்கு மேல் இந்தி வேறு வரும். ஏழு வயதுப் பிள்ளை தலையில் 247 தமிழ் எழுத்தையும் ஏற்றுவது நியாயமே இல்லை. பாட்டியோடு தமிழ் பேசட்டும், யார் வேண்டாம் என்றார்கள். எழுதப் படிக்க இப்போதைக்கு ஆங்கிலம் மட்டும் போதும்.

சயான்_டீச்சர்:
தம்பி சொல்கிற பதினொன்றாம் வகுப்புக் கஷ்டம் நிஜம். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான், அந்தப் பிள்ளைகளை வழியனுப்பியிருக்கிறேன். ஆனால் இந்தப் பையனின் பிரச்சினை அது இல்லையே. அவன் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை, மனப்பாடமாகச் சொல்கிறான். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்த்தால் சொல் வரும் என்பது ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால் அடுத்த மொழிக்கு அதை முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. தமிழில் அது சீக்கிரம் பிடிபடும். 247 என்று பயமுறுத்தாதீர்கள், 12 உயிரும் 18 மெய்யும் கால், கொம்பு, சுழி எல்லாம் போடும் முறையும் தெரிந்தால் 216 உயிர்மெய்யையும் பிள்ளையே கூட்டிவிடும். ஆங்கிலத்தில் எஸ், ஏ, ஐ, டி என்று இருப்பதை எழுத்துக்கூட்டிச் 'சைட்' என்று வாசிக்கிற பிள்ளை நியாயமாகத்தான் வாசிக்கிறது, ஆனால் 'செட்' என்று திருத்தப்படுகிறது. இப்படி நாலு தடவை நடந்தால் எழுத்துக்கூட்டுவதே வீண் என்று மனப்பாடத்துக்குப் போய்விடும்.

அரிச்சுவடிக்கு முன்னால் ஒரு வேலை, கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும் சில மாதத்தில் அசைவே இல்லையென்றால், சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென்றே கிளினிக் இருக்கிறது, கூச்சப்படாமல் போய்க் காட்டுங்கள்.

முலுண்ட்வாசி:
டீச்சர், தமிழிலும்தான் 'காகம்' என்பதில் இரண்டு க-வுக்கும் ஒலி வேறு. எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்பதெல்லாம் அங்கேயும் செல்லாது.

சயான்_டீச்சர்:
செல்லாதுதான். ஆனால் 'காகம்' அவன் காதில் ஏற்கெனவே இருக்கிற சொல். கா, க, ம் என்று இரண்டு க-வையும் ஒரே ஒலியில் தப்பாகக் கூட்டினாலும் அடுத்த நொடியே அவனே திருத்திக்கொள்வான். ஆங்கிலப் பாடத்தில் பாதிச் சொல் அவன் கேட்டதே இல்லை, எதை வைத்துத் திருத்துவான்? அதனால்தான் வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்பது தவறான யோசனை என்கிறேன். அம்மாவுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசினால் பேச்சு சுருங்கிவிடும். சாப்பிடு, தூங்கு, எழுது, அவ்வளவுதான் மிஞ்சும். கதை போய்விடும், ஏன் எதற்கு என்கிற கேள்வி போய்விடும்.

தாராவி_அக்கா:
எல்லாரும் வீடு வீடு என்றே பேசுகிறீர்கள். நான் தையல் யூனிட்டில் வேலை பார்க்கிறேன், வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகும், பொண்ணு அரைத் தூக்கத்தில் இருப்பாள். நான் தமிழில் சொல்லிக் கொடுப்பதா ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுப்பதா என்று யாரும் கேட்க வேண்டாம், பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது என்று கேளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றே இருக்கிறது. 28-ஆவது பிரிவு ஆசிரியர் தனியாக ட்யூஷன் எடுக்கவே கூடாது என்கிறது. பின்தங்கியிருக்கிறான் என்று கண்டுபிடித்த டீச்சர், நான் இதைச் செய்யப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? வீட்டு மேல் தள்ளிவிட்டார்.

முலுண்ட்வாசி:
அக்கா, வகுப்பில் அத்தனை பிள்ளை இருக்கும்போது ஒரு டீச்சர் எப்படித் தனித்தனியாகப் பார்ப்பார்? சட்டத்தில் எழுதலாம். நடக்கிற காரியத்தைச் சொல்லுங்கள், ட்யூஷன்தான் நடக்கிற காரியம்.

தாராவி_அக்கா:
நடந்த காரியத்தையே சொல்கிறேன். 2001 வாக்கில் இதே மும்பையிலும் வதோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் பிரதம் அமைப்பு பாலசகி என்று ஒன்றை நடத்தியது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு லேசான பயிற்சி கொடுத்து, மூன்று, நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். அதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இருந்தார்கள், 2019-இல் நோபல் வாங்கியவர்கள். பெரிய டிகிரி வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். மும்பையில் நடந்தது மும்பைப் பள்ளிக்கூடத்தால் முடியாதா?

பாண்டுப்_கணக்கர்:
மொழிச் சண்டையில் கணக்கை விட்டுவிட்டீர்கள். 52-17=45 என்பது கவனக்குறைவு இல்லை. ஒன்று இடத்தில் 2-இல் 7 போகாது என்றதும் திருப்பி 7-இல் 2-ஐக் கழித்து 5, அப்புறம் 5-இல் 1 போனால் 4. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று அவனாகவே ஒரு விதி வைத்திருக்கிறான், அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறான். இதற்கு ஒர்க்‌ஷீட் வாங்கிப் போட்டால் அதே தப்பு பக்கம் பக்கமாக வரும். பத்து ரூபாய் நோட்டு ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு இரண்டும் கையில் கொடுத்து 17 ரூபாய் கேளுங்கள். ஏழு காசு இருக்காது, ஒரு நோட்டை மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் நாலு நோட்டு, 12 காசு. கொடுத்த பிறகு கையில் 35. பக்கத்திலேயே நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லுங்கள், கடன் வாங்குவது என்றால் என்னவென்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

எண்களைத் தமிழிலும் சொல்லவிடுங்கள். ஆங்கிலத்தில் தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் ஒன்றுபோல் விழுந்து 13-ஐ 30 என்று எழுதுகிற பிள்ளைகள் நிறைய. மராத்தியில் 21 எக்வீஸ், ஒன்று முன்னால், இருபது பின்னால். 29 ஏகோண்தீஸ், முப்பதுக்கு ஒன்று குறைவு. இது பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றுதான் 2019-இல் மகாராஷ்டிராவின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி வெளியிட்ட இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'வீஸ் ஏக்' என்று சொல்லும் முறையைச் சேர்த்தார்கள், பெரிய சண்டையே நடந்தது. நமக்கு இருபத்தொன்று, முப்பத்திரண்டு என்று பத்து முன்னால் வந்துவிடுகிறது, ஒன்பதுக்குப் பக்கத்தில் தொண்ணூறு மட்டும் கொஞ்சம் இடறும்.

முலுண்ட்வாசி:
காசு கொடுத்து எண்ண வைத்தால் கணக்கு வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு வேறு சொல்கிறது, அதிலும் அக்கா சொன்ன அதே பானர்ஜியும் டஃப்லோவும் இருக்கிறார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் பார்க்கிற பிள்ளைகள் மனக்கணக்கில் மின்னல் வேகம், அதே கணக்கைப் பள்ளிக்கூடத்து வடிவில் தாளில் கொடுத்தால் திணறினார்கள். தேர்வு தாளில்தான் நடக்கிறது ஐயா.

பாண்டுப்_கணக்கர்:
அதன் மறுபாதியையும் சொல்லுங்கள். சந்தை வேலை பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் தாளில் போட்டார்கள், கடைக் கணக்கில் விழுந்தார்கள். ஒன்று தானாக இன்னொன்றாக மாறாது என்பதுதான் அந்த ஆய்வு. அதனால்தான் நோட்டை மாற்றிய கையோடு எழுது என்றேன். தக்காளி பாவ் கிலோ (கால் கிலோ) 12 ரூபாய், 50 கொடுத்தோம், மீதி என்ன என்று வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து 50-12 என்று போட வேண்டும். முக்கியமான வேலை இந்த இரண்டாவது பாதி, அதை யாரும் செய்வதில்லை.

சயான்_டீச்சர்:
தாராவி அக்கா கோபம் எனக்குப் புரிகிறது, அவர் கேட்பது சரி. இருந்தாலும் பள்ளி நகரும் வரைக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற அசர் ஆய்வின் 2024 அறிக்கையில், கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 27.1 சதவீதம்தான். நகரம் அதில் இல்லை, ஆனால் என் வகுப்பில் பார்த்ததும் அதிகம் வேறாக இல்லை.

செம்பூர் அம்மாவுக்கு: பாட்டி அரிச்சுவடியை வரிசையாக ஒப்பிக்க வைக்க வேண்டாம், மறுபடி மனப்பாடம்தான் ஆகும். ப, ட, ம எடுத்து படம், மடம், பட்டம் என்று உடனே சொல்லாக்குங்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம், நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். முதல் நிலையில் ஆரம்பியுங்கள், இரண்டாம் வகுப்பு என்று கௌரவம் பார்க்காதீர்கள். தமிழில் வாசித்த கதையையே மறுநாள் ஆங்கிலத்தில் வாசித்தால், கதையில் என்ன நடக்கிறது என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும், சொல்லை மட்டும் கவனிப்பான்.

செம்பூர்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ட்யூஷன் இப்போது வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அரை மனதாகச் சம்மதித்தார். தமிழ் பேசுவதையும் நிறுத்தப்போவதில்லை. நேற்று நோட்டும் காசும் கொடுத்துப் பார்த்தேன், ஒரு பத்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு "இதைக் கிழிக்கவா முடியும்?" என்று கேட்டான், அப்புறம் அவனே போய் மாமியாரிடம் சில்லறை வாங்கி வந்தான். தாளில் இன்னும் 45 என்றுதான் எழுதுகிறான். 24-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுப் பள்ளிக்குக் கடிதம் எழுதினால் பையன் மேல் டீச்சருக்குக் கோபம் வருமோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

தாராவி_அக்கா:
பிரிவு எண்ணெல்லாம் முதல் கடிதத்தில் வேண்டாம். எந்த எழுத்து, எந்தக் கணக்கு வரவில்லை, வகுப்பில் என்ன செய்யப் போகிறீர்கள், நாங்கள் என்ன செய்யட்டும் என்று மூன்றே கேள்வி எழுதி டைரியில் கொடுங்கள். பதில் வரவில்லையென்றால் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், அப்போது சட்டத்தைச் சொல்லலாம். கூட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், சேர்ந்து எழுதுவோம்.

முலுண்ட்வாசி:
நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தமிழில் வாசிக்க வந்ததும் ஆங்கிலத்தைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள், தினமும் ஒரு பக்கமாவது சத்தமாக வாசிக்க வையுங்கள். தீபாவளி விடுமுறை முடிந்ததும் எப்படி இருக்கிறான் என்று இங்கேயே எழுதுங்கள் சகோதரி.