ஆங்கிலத் துறை செய்திமடல்: சாதனைகளை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி:
புதுச்சேரியில எங்க ஆங்கிலத் துறைக்குச் செய்திமடல் தயாராகுது. நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சி, கட்டுரை, பிஎச்.டி.ன்னு தகவல் குவியுது. அச்சுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

பதில் 1:
நெட்லதான் குழப்பம் அதிகம். 2024 ஜூன் தேர்விலிருந்து மூணு பிரிவு: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) உடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூணாவது பிரிவுக்காரருக்கு ஆசிரியர் தகுதி கிடையாது. அதனால வெறுமனே 'நெட் தேர்ச்சி'ன்னு போடாதீங்க. மதிப்பெண் பட்டியல் நகல் வாங்கி, பிரிவையும் சேர்த்து எழுதுங்க.

பதில் 2:
கட்டுரைன்னா முதல்ல எண்ணைப் பாருங்க. இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என்., 8 இலக்கம்; நூலுக்கு ஐ.எஸ்.பி.என்., 13 இலக்கம். கருத்தரங்கத் தொகுப்புல வந்ததை இதழ்க் கட்டுரைன்னு அனுப்புறது இங்கதான் பிடிபடும். டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) இருந்தா இணையத்துல திறந்து, தலைப்பும் பெயரும் பொருந்துதான்னு பாருங்க. நல்ல இதழோட பெயரையும் எண்ணையும் திருடி நடத்துற போலித் தளங்கள் உண்டு, கவனம். 'யு.ஜி.சி. கேர்' (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களோட பட்டியல்) அடைமொழி போட்டிருந்தா தேதியைக் கேளுங்க. 2025 பிப்ரவரியில அந்தப் பட்டியலையே கைவிட்டுட்டாங்க.

பதில் 3:
வாய்மொழித் தேர்வு முடிஞ்சதும் 'முனைவர்'னு போடாதீங்க. பல்கலைக்கழக அறிவிப்பு வரட்டும். அதுவரை 'வாய்மொழித் தேர்வை முடித்தார்'னு எழுதினாலே அவங்க உழைப்புக்கு உரிய மரியாதைதான்.