கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறேன், நடுவில் ஏற்காடு சரிப்படுமா?

கேள்வி:
ஐம்பது வயது முடிவதற்குள் ஓசூரிலிருந்து கன்னியாகுமரிவரை தனியாகச் சைக்கிளில் போய்விட வேண்டும் என்பது என் பிடிவாதம். தொப்பூர் கணவாய் இறங்கி நேற்று இரவு சேலம் வந்தேன். காலையில் லாட்ஜ் மாடியில் துணி காயப்போட்டால் எதிரே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை. நாளை அங்கே சும்மா சுற்றலாமா? சைக்கிளிலேயே ஏறலாமா? முழங்கால் லேசாக முனகுகிறது.

பதில் 1:
அண்ணா, முழங்காலை மதித்து பஸ்ஸில் போங்கள். 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு ஏரியின் படகுத்துறை வரிசையில் நிற்காமல் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 1,600 மீட்டருக்கு மேல், உச்சி தோசைக்கல் மாதிரி தட்டை. குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயனும் காவேரியம்மனும் இருப்பார்கள். வழியெல்லாம் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி அது. சேலத்துக்காரன் என்பதால் கொஞ்சம் பெருமையடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
ஏறிவிடலாம் தம்பி, இறங்குவதுதான் வினை. ஒருமுறை விடாமல் பிரேக் பிடித்தே இறங்கினேன். பாதியில் ரிம்மைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

கேள்வி கேட்டவர்:
பஸ்ஸில்தான் போனேன். கோயில் உச்சியில் இரண்டு மணி நேரம், பாதி நேரம் தூக்கம். ராத்திரி சேலத்தில் தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே சட்னியும் துருவிய பீட்ரூட்டும்) இரண்டு பிளேட். அந்த பீட்ரூட் என் சட்டைமேல் சிந்திவிட்டது. நாளை விடியலில் நாமக்கல்.